அரளி இலை விட்ட காபிச் செடிகள்

எண்பதுகளின் கடைசியில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு காலை, முதலாளி ஜீப்பை விட்டு இறங்காமலே சத்தம் போட்டார்.

"ஏனுங்க சூப்பர்வைசர், என்னங்க இது? காபிச் செடி அரளி இலை உட்டிருக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். போன வருஷம் நட்ட இளஞ்செடிகள். அடி இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. நுனியில் வந்த புதுத் தளிர்கள் மட்டும் ஒல்லியாக, வெளிறி, கொத்துக்கொத்தாக நின்றன.

"இது வைரஸுங்க. மத்ததுக்குப் பரவறதுக்குள்ள நாளைக்கே எல்லாத்தையும் புடுங்கி எரிச்சுப்போடுங்க" என்றார் முதலாளி. எல்லாம் என்றால் ஒரு முழு பிளாட். குழி எடுத்த நாளிலிருந்து நான் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவை.

பக்கத்தில் லூர்துமேரி நின்றிருந்தார். ஸ்பிரேயருக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து வருபவர். ஒரு டேங்க் எந்த வரிசையில் காலியாகிறதோ அங்கே ஒரு சில்வர் ஓக் மரக் குச்சியை ஊன்றிவிடுவார். அடுத்த குடத்தோடு எங்கே வருவது என்பதற்கு அடையாளம்.

"வைரஸுக்குக் குச்சி ஊனுன எடம் தெரியுமுங்களா சார்?" என்றார் என்னிடம். "மொதக் குச்சி வரைக்கும் நொம்ப மோசம். ரெண்டாவது வரைக்கும் லேசு. அதுக்கு மேல ஒரு செடிக்கும் ஒண்ணுமில்லீங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் பாதையோரப் புல்லுக்குக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்தோம். மறுநாள் அதே டேங்க்கில் யூரியா கரைத்து இந்தச் செடிகளுக்கு அடித்தோம். நடுவில் நான் டேங்க் கழுவிய லட்சணம், ஒரு மக் தண்ணீர் ஊற்றி ஒரு குலுக்கு.

வாயை மூடிக்கொண்டால் என் வேலை தப்பும், செடிகள் எரியும். மனசு கேட்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

கிளைபோசேட் பட்ட இடத்தைச் சுடுகிற மருந்து இல்லை. இலை வழியாக இறங்கி, செடியின் சாற்றோடு போய், தளிர் நுனியில் சேரும். புரதம் கட்டுவதற்கு வேண்டிய சில பொருள்களை அங்கே செடி தயாரிக்க விடாது. வளர்ந்து முடிந்த இலையில் ஒன்றும் தெரியாது. வளரப்போகிற இலைதான் சூம்பிப்போகும். கொஞ்சமாகப் பட்டிருந்தால் செடி தேறிக்கொள்ளும்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மழை முடியற வரைக்கும் பாப்போம். அகல இலை வரலீன்னா செடியோட சேத்து உங்களையும் புடுங்கிப்போடுவேனுங்க."

அந்த மழைக்காலம் முழுக்க விடிந்ததும் அந்தச் செடிகள் முகத்தில்தான் விழித்தேன். ஒருநாள், சூம்பிய கொத்துக்குக் கீழே கணுவிலிருந்து ஒரு துளிர் கிளம்பியது. நாலு வாரத்தில் இலை விரித்தது. அகல இலை! லூர்துமேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றினார்.

களைக்கொல்லிக்கென்று ஒரு ஸ்பிரேயரைத் தனியாக ஒதுக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். மற்றதையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவாமல் எடுப்பதில்லை. அந்த எஸ்டேட்டை விட்டு வரும் வரை டேங்க் கழுவும் வேலை என்னுடையது. கழுவியாயிற்று என்று லூர்துமேரி தலையாட்டினால்தான் யூரியா மூட்டையைப் பிரிப்பேன்.