ஏழுமலைக்கு நான் வைத்த பல்

பிழைப்புக்காகப் பொய் சொல்லும் தொழில்கள் நாட்டில் எத்தனையோ உண்டு. அந்தப் பொய்யை லேமினேஷன் செய்து கையில் தருவது எங்கள் போட்டோ ஸ்டூடியோ தொழில் மட்டும்தான். ஆதார் அட்டையில் தன் முகத்தைப் பார்த்து நொந்துபோன எல்லாரும் இதைப் படிக்கலாம். உங்கள் நோவை ஆற்றுவதுதான் என் வேலை. பாகூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முப்பது வருடமாகக் கடை. முகத்தை வெளுக்க வைப்பேன், தழும்பை எடுப்பேன், இறந்துபோன அப்பாவை மகள் கல்யாணப் படத்தில் நிற்க வைப்பேன். கூடவே தமிழ் டைப்பிங்கும் உண்டு.

போன மாதம் ஒரு பெண்ணிடம் இருந்த, அவள் கணவனின் ஒரே படத்தை நான் அழித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்தவற்றைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால், என்னை வெறும் கவனக்குறைவான ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். நான் அதைவிடச் சிக்கலான ஆள்.

மூன்று பேர்

கரிக்கலாம்பாக்கத்தில் வயலைப் பிளாட் போட்ட இடத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர் சுகந்தி மேடம். கல்லூரியில் தத்துவம் கற்பிக்கிறார். நாற்பது வயது இருக்கும். அறத்தையும் அழகையும் பற்றி ஒரு புத்தகம் எழுதி, டைப் செய்ய என்னிடம் கொண்டுவந்தார். டைப் செய்கிறவன் படிக்கக் கூடாது, படித்தால் வேகம் போய்விடும். மூன்றாவது அத்தியாயத்தில் எனக்கு வேகம் போய்விட்டது.

ஒரு முகத்தை அழகாக்கும் இடத்தில் எப்போதும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பார்க்கப்படுகிறவர், பார்க்கிறவர், ஆக்குகிறவர். முதல் இருவரில் ஒருவராவது விரும்பிக் கேட்டால், அழகாக்குவது அன்பாக இருக்கலாம். ஆக்குகிறவருக்கு மட்டுமே பிடித்திருந்தால் அது அழகே இல்லை, அவருடைய கைப்பழக்கம். உலகத்தில் முக்கால்வாசித் தவறுகள் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை, கைப்பழக்கத்தில்தான் நடக்கின்றன. இந்த வரியில் என் விரல் நின்றது. முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முகங்கள்! எத்தனை பேரைக் கேட்டுச் செய்தேன்?

பக்கத்தில் ஃப்ரேம் போடும் கடை வைத்திருக்கும் பாஸ்கரிடம் போய் இதைப் படித்துக் காட்டினேன். என் வயதுதான் அவனுக்கும். கண்ணாடி அறுத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னான்: "மூணு பேருன்னா மூணு காப்பி போட்டு மாட்டுவாங்களா? அத்த கேட்டியா நீ?"

ஒரே கோட்டு

இறந்தவர் படம் வைத்துச் சாமி கும்பிடுவதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. வீட்டில் இருப்பது பெரும்பாலும் ரேஷன் அட்டைப் படமோ, கூட்டத்தில் நிற்கும் படமோதான். அதிலிருந்து தலையை மட்டும் எடுத்து, எங்களிடம் தயாராக இருக்கும் ஓர் உடம்பில் பொருத்துவோம். என்னிடம் இருந்தது நீலக் கோட்டு, சிவப்பு டை போட்ட உடம்பு. யாருடைய உடம்பு என்று எனக்கே தெரியாது. சைக்கிள் கடைக்காரர், நாட்டு வைத்தியர், பம்பு செட் ஆபரேட்டர் எல்லாரும் அந்த உடம்பில்தான் மேலே போனார்கள்.

ஒருநாள் ஒரு பெரியவர் தன் தம்பியின் படத்தோடு வந்தார். வழக்கம்போல நீலக் கோட்டை எடுத்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிதானமாகக் கேட்டார்: "எங்க தெருவுல செத்தவன் பூரா இதே கோட்டுலதான் சுவத்துல கீறான். மேல ஒண்ணே ஒண்ணுதான் வெச்சி மாத்தி மாத்திப் போட்டுக்குறாங்களா?"

கேட்டுச் செய்தல்

இதற்குப் பிறகு எல்லாரையும் கேட்டே செய்வது என்று முடிவெடுத்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான், வியாபாரத்துக்கு விரோதமாகவே அமையும். "நிறம் ஏற்றலாமா? மரு இருக்கட்டுமா? இந்தத் தழும்பு உங்களுக்கு வேண்டுமா?" என்று வரிசையாகக் கேட்டேன். மரு இருந்த பெண்ணுக்கு, அப்போதுதான் தனக்கு மரு இருப்பதே நினைவுக்கு வந்தது. முகம் சிறுத்துப் போனார். கேட்காமல் எடுத்திருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். கேட்டதுதான் அறம் என்றால், அந்த அறத்தால் அவருக்கு என்ன லாபம்? இரண்டு நாள் இதையே யோசித்தேன்.

பிறந்தநாள் பேனருக்குப் படம் எடுக்க வந்த விவசாயி ஒருவர் என் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்: "உள்ளது உள்ளபடி பாக்கணும்னா வூட்டுக் கண்ணாடியில பாத்துக்க மாட்டனா? பஸ் ஏறி உங்கிட்ட இன்னாத்துக்குப்பா வரேன்?"

அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

பின்னட்டை

புத்தகம் முடிந்து அட்டை தயாரானது. பின்னட்டைக்கு சுகந்தி மேடத்தைப் படம் எடுத்தேன். நல்ல படம், கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் அப்படியே தெரிந்தது. அதைத் தொடவே இல்லை. தத்துவம் எழுதியவரின் முகத்தில் கை வைக்க எனக்கு என்ன துணிச்சல்?

மேடம் திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அண்ணே, இந்தக் கண்ணுக்குக் கீழ கொஞ்சம்..." என்று இழுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "மேடம், மூணாவது அத்தியாயம்?" என்றேன். அவர் அசரவே இல்லை: "அதுலயே இருக்குண்ணே. பார்க்கப்படுகிறவர் கேக்குறேன்ல, செய்யலாம். கழுத்துச் சுருக்கத்தையும் சேர்த்தே கேக்குறேன்."

பல்

அஞ்சலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கணவர் ஏழுமலை மாரடைப்பில் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அடுத்த திங்கள்கிழமை கருமாதி, அதற்குள் படம் வேண்டும். இருந்தது ஒரே படம், அதுவும் அவருடைய போனில். மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனபோது யாரோ எடுத்தது. கையில் வெட்டுக்கத்தி, திறந்த சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, முன்னால் ஒரு பல் இல்லை. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு போனைத் திருப்பித் தந்தேன். அவள் அழுதுகொண்டே இருந்ததால் வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் போனதும் எனக்குப் பழைய நோய் வந்துவிட்டது. அந்தப் பல்லை வைக்கலாமா, கூடாதா? பார்க்கப்படுகிறவர் உயிரோடு இல்லையே, யார் கேட்பது? படத்தை சுகந்தி மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி இந்தக் கேள்வியையும் எழுதினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. வெள்ளி வரை காத்திருந்தேன். சனிக்கிழமை கை பரபரத்தது. பக்கத்துப் பல்லைப் பிரதி எடுத்து, கொஞ்சம் சாய்த்து, ஓரத்தில் லேசாக மஞ்சள் கொடுத்து வைத்தேன். ஒரு மணி நேர வேலை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பல்லை நான் வைத்ததில்லை. தலையை நீலக் கோட்டில் பொருத்தினேன். அதே மிதப்பில் மூலப்படத்தின் மேலேயே சேவ் செய்து மூடிவிட்டேன். வேறு பெயரில் சேவ் செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம்.

ஞாயிறு மத்தியானம் அஞ்சலை வந்தாள். படத்தைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள், பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல. "யாருண்ணா இது? பேங்க்ல வேல செய்யறவரு மாதிரி கீறாரு" என்றாள். உன் வீட்டுக்காரர்தானம்மா என்றேன். "அவருக்கு ஏதுண்ணா அந்தப் பல்லு? கல்யாணத்துக்கு மொத நாளு கரும்பு கடிச்சு ஒடச்சிக்கினாரு. ஓட்டப் பல்லோடதான் தாலி கட்டுனாரு. ஊரே சிரிச்சுது, அவுருதான் எல்லாத்தவிட சத்தமா சிரிச்சாரு. இது அவரு இல்ல. பழசயே குடு."

பழசு இல்லை. அவளிடமும் இல்லை. போனை வீட்டுச் செலவுக்காக வெள்ளிக்கிழமையே மொபைல் கடையில் கொடுத்துவிட்டாள், அவர்கள் எல்லாவற்றையும் அழித்து வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள். என் போன் ஞாயிறு காலையில் வாடிக்கையாளர் படங்களால் நிரம்பி வழியும் என்பதால் வாராவாரம் வாட்ஸ்அப் முழுவதையும் துடைத்துவிடுவேன். அன்றும் துடைத்திருந்தேன். அவள் கடைப் படியில் உட்கார்ந்து, மடியில் அந்தப் பேங்க்காரரை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். விடிந்தால் கருமாதி, முகம் இல்லாமல்.

நான் பாஸ்கர் கடைக்குப் போய் நின்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டான். அவன் என்னைத் திட்டியே நான் பார்த்ததில்லை, அன்று திட்டினான்: "கரிக்கலாம்பாக்கத்துல கீறவங்கள கேட்டியே, எதுர்ல நின்னு அழுதுகினு இருந்த பொம்பளைய ஒரு வார்த்த கேட்டியாடா?"

காரணம்

கரிக்கலாம்பாக்கம் என்று அவன் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. ஓடிவந்து மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, அந்தப் படத்தை அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. தினமும் எடுத்துப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அடுத்த நிமிடம் படம் வந்து விழுந்தது. அதே கரும்பு, அதே சிரிப்பு, அதே ஓட்டை. அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவள் போனைத் திருப்பித் தந்தபோதும் மேடம் லைனிலேயே இருந்தார். நீங்கள் பதில் சொல்லவே இல்லையே மேடம் என்றேன். வருத்தமாகத்தான் கேட்டேன், குற்றமாக இல்லை. மேடம் சொன்னார்: "படத்தைப் பார்த்த உடனே வேணாம்னு தோணிடுச்சுண்ணே. அதுக்குக் காரணம்தான் அஞ்சு நாளா தேடிக்கிட்டிருந்தேன். தோணினதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

பொத்தான்

வாட்ஸ்அப்பில் வந்த படம் சின்னது. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. போஸ்ட் கார்டு அளவுக்குத்தான் தாங்கும். அந்த அளவில் பிரிண்ட் போட்டேன். கோட்டு இல்லை, பல் இல்லை, நிறம் ஏற்றவில்லை. கத்தியையும் எடுக்கவில்லை. ஒன்றையும் தொடாமல் ஒரு படத்தைப் பிரிண்ட் போடும்போது கைக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. பாஸ்கர் தேக்குச் சட்டம் எடுத்து வைத்துக் காத்திருந்தான்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அஞ்சலை வந்தாள். வெகு நேரம் பார்த்தாள். அந்த ஓட்டைப் பல்லின் மேல் விரலை வைத்து எடுத்தாள். எனக்குக் கண் கலங்கியது. கடைசியாக ஒரு படத்தை உள்ளது உள்ளபடி கொடுத்துவிட்டோம், இனி இதுதான் நம் வழி என்று மனதுக்குள் ஒரு பெரிய தீர்மானம் உருவாகிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் அவள் நிமிர்ந்தாள்.

"எல்லாம் அவரேதான்ணா. அந்த மேல் பொத்தான மட்டும் போட்டு வுடு. மாரத் தொறந்துகினு திரியாதய்யான்னு இருவது வருசமா கத்துனேன், கேட்டாரா? இன்னிக்காவது கேக்கட்டும்."

போட்டுவிட்டேன், அது அறமா அழகா என்று சுகந்தி மேடத்தைக் கேட்கவில்லை, அவர் ஐந்து நாள் யோசிப்பார், கருமாதி ஒன்பது மணிக்கு.