இரண்டு கட்டை குறைத்து

டெல்ஃபின் ட்ரைசிக்கிள் ஓட்டுகிறவன். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் எங்கள் சந்தைத் தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேல்குரல்' என்பார்கள். கறிக்கடை பெர்த்தோவாகிய நான் 'கீழ்க்குரல்'. முப்பது வருஷத்துக்கு மேலாக ஊரில் எந்த விசேஷம் என்றாலும் நாங்கள் இருவரும் ஜோடியாகப் பாடினோம். அதுவும் ஒரே ஜோடியின் பாட்டுகள்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் இருவர், எங்கள் இளவட்ட வயதில் உருகி உருகிப் பாடியவை. ஒருவர் அடிக்குரலில் மெதுவாகத் தொடங்குவார். மற்றவர் கடைசியில் உச்சத்துக்குப் போய், நின்று, அழவைப்பார். பாடியவர்களுக்கே தலை நரைத்துவிட்டது, எங்களுக்கு இன்னும் அலுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அவர்கள்தான். பல் பிடுங்கப் போனால் அங்கேயும் அவர்கள்தான். என் மகன் "கிழட்டுப் பாட்டுப்பா இது" என்று கேலி செய்வான். போன வருஷம் காதலி கைவிட்டபோது கதவைச் சாத்திக்கொண்டு எதைக் கேட்டான் என்று நினைக்கிறீர்கள்?

டெல்ஃபின் வீட்டில் "சோறு வை" என்பதற்கு மேல் பேசத் தெரியாதவன். மனதில் இருப்பதையெல்லாம் அந்த உச்சத்தில்தான் சொல்லுவான். மெர்லிண்டாவை அவன் கட்டியதே அதை வைத்துத்தான். ஊர்த் திருவிழாவில் அவன் பாடியதைக் கேட்டுவிட்டு, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று அவள் மூன்று நாள் பட்டினி கிடந்தாள்.

அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாள். காலையில் மாதா கோவிலில் மறுபடி மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மதியம் வாசலில் பந்தல், முழுப் பன்றி ரோஸ்ட், பாட்டு வரிகளைத் திரையில் காட்டி, பாடி முடித்ததும் மார்க் போடும் வீடியோகே பெட்டி ஒன்று வாடகைக்கு. அன்றைக்குத் திருவிழாவில் பாடிய அதே பாட்டை இன்றைக்கும் மெர்லிண்டாவுக்குப் பாட வேண்டும், அவனுக்கு அது ஒன்றே ஆசை. நூறு பேர் முன்னால் மைக்கை எடுத்துக்கொண்டு நின்றோம். ரிமோட் என் கையில்.

"பாரே," என்று காதில் சொன்னான். ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தந்தை, அதனால் எங்களுக்குள் அப்படித்தான். "ரெண்டு கட்டை இறக்கி வைடா. இப்பல்லாம் மேல எட்ட மாட்டேங்குது."

தலையாட்டினேன். பொத்தானைத் தொடவில்லை.

ஏன் என்று அன்றே எனக்குத் தெரியும். இரண்டு கட்டை இறக்கினால் அவன் தப்பிப்பான், என் கீழ்க்குரல் கிணற்றுக்குள் போய்விடும். முதலில் பாடுகிறவன் நான். நூறு பேர் முன்னால் தவளை மாதிரி கத்த எனக்கு மனசில்லை.

நான் பாடிய பகுதி அருமையாக இருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு அவன் முறை வந்தது. பாட்டு ஏறத் தொடங்கியதுமே சுருதி இறங்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு தடவை பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். அவன் மெர்லிண்டாவின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்கு ஏறினான். குரல் கிழிந்தது.

"எவன்டா அது, பன்னிய மறுபடி அறுக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். பந்தலே சிரித்தது. பெட்டி தாரை ஊதி தொண்ணூற்றேழு மார்க் போட்டது, அதற்கும் சிரித்தார்கள். மெர்லிண்டா மட்டும் காலையில் போட்ட மோதிரத்தைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தாள். "அண்ணே, ரெண்டு வாரமா வீட்ல இறக்கி வெச்சுத்தான் பாடிப் பழகுனாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லலியேம்மா."

வாய் கூசாமல் சொன்னேன். திரும்பினால் பின்னால் டெல்ஃபின், கையில் இரண்டு தட்டு. ஒன்று எனக்கு.

"ஆமா, மெர்லி. மறந்துட்டேன்," என்றான். "வயசாச்சுல்ல."

தட்டை என் கையில் கொடுத்தான். நான் வாங்கித் தின்றேன். நன்றாக மொறுமொறுப்பான தோலாகப் பார்த்து எனக்கு வைத்திருந்தான். அந்த வெட்கக்கேட்டை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருஷமாகிறது, அவன் பாடுவதில்லை. விசேஷ வீடுகளில் ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டுவான். "நீயே வை பாரே, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்." குத்திக்காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்ப்பேன். அப்படி எதுவும் இருக்காது. நான் இரண்டு கட்டை இறக்கி வைத்து, மைக்கை அவன் பக்கம் நீட்டுவேன். அவன் அதை மெல்ல என் பக்கமே தள்ளிவிட்டு, கைதட்டத் தயாராக உட்கார்ந்துகொள்வான்.