அகல்யாவின் நார்மல் ரிப்போர்ட்

புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு வங்கியின் மாடியில் அகல்யாவுக்கு வேலை. நான்கு வருடமாகக் காரணம் தெரியாத களைப்பு. படியேறினால் நெஞ்சு தாறுமாறாக அடிக்கும். டாக்டர் ரிப்போர்ட் இருந்தால் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

2003இல் டாக்டர், நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதியும் கருவியை மார்பில் ஒட்டி, "வழக்கமான வேலையெல்லாம் செய்யுங்கள்" என்றார்.

கணவர் மகாதேவன் விடுவாரா? லீவு போட்டுச் சமைத்துத் துவைத்து, "அசையாதேடி, மெஷின் கெட்டுடும்" என்று படுக்க வைத்துவிட்டார். பதினாறு வருட தாம்பத்தியத்தில் அவளுக்கு முதல் ஓய்வு. இதயமும் சமர்த்தாகத் துடித்தது.

ரிப்போர்ட் நார்மல்.

"பாத்தியா, உனக்கு ஒண்ணுமே இல்லே!" என்று பேடா வாங்கி வந்தார் மகாதேவன். மேனேஜர் கைகுலுக்கி வாழ்த்தி, மாடிக்கே அனுப்பினார்.

ஐந்தாவது படியில் மூச்சிரைத்து உட்கார்ந்தபோது, தான் நடிக்கிறோமோ என்ற சந்தேகம் அகல்யாவுக்கே வந்துவிட்டது.