அக்கா திரும்பப் பெற முடியாத சொல்

எங்கள் அக்காவைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பி ஓராண்டாகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா புதுச்சேரி நகரத்திலேயே பிறந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. என்னைப் பெற்ற சில மாதங்களில் அம்மா காலமானார். அப்போது சிறுபெண்ணாயிருந்த அக்காதான் என்னை வளர்த்தார். பிறகு வந்த கல்யாணப் பேச்சுகளையும் எனக்காகத் தட்டிக்கழித்தார். தெருவில் பிரசவமென்றாலும் சாவென்றாலும் முதலில் வந்து நிற்பார். அவர் பேச்சில் எப்போதும் சிரிப்பு இருக்கும். அதில் ஒரு முள்ளும் இருக்கும். கேட்பவர்கள் முள்ளைத்தான் அதிகம் ரசித்தார்கள்.

இப்படி நல்லதை மட்டும் எழுதி முடித்திருக்கலாம். ஆனால், "என்னப் பத்தி எழுதினா அதயும் எழுதுடா, மறைக்காத" என்று படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு ஆண்டு, சைகோனிலிருந்து ஒரு விதவைத் தாயும் மகள் ரொசாலியும் எங்கள் கோவில் பங்குக்குக் குடிவந்தார்கள். கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்து போரில் இறந்தவர். அந்த அம்மையாரை எல்லோரும் சைகோன் மதாம் என்போம். ஆகஸ்டு திருவிழாவுக்கு மாதா சுரூபத்தை உடுத்தி அலங்கரிப்பது பல ஆண்டுகளாக அக்காவின் வேலை. அந்த ஆண்டு பங்குச் சாமியார் அதை மதாமிடம் கொடுத்துவிட்டார்.

பூசை முடிந்து பெண்கள் கோவில் வாசலில் நின்றபோது அக்கா சொன்னார்: "புருசன் சண்டையில செத்துட்டாருன்னு சொல்றாங்க. யாரு பாத்தா? சைகோன்ல எத்தினி புருசனோ!"

எல்லோரும் சிரித்தார்கள். சற்று முன்புதான் அக்கா பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், நாக்கில் வாங்கியிருந்தார்.

ரொசாலிக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு அவள் பெயர் வரவில்லை. வாசலில் பேசிய பேச்சு காதுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

அன்றே இருவரும் மதாம் வீட்டுக்குப் போனோம். கதவு பாதிதான் திறந்தது.

"மதாம், வெளையாட்டுக்குச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"ஒனக்கு வெளையாட்டு. என் பொண்ணு சோத்தத் தொடல." பிறகு மதாம் கோபமே இல்லாமல் கேட்டார்: "ஆண்டவர வாங்குன அதே நாக்காலயா பேசின? ஒன்ன நெனச்சா எனக்குப் பயமா இருக்கும்மா."

கதவு சாத்திக்கொண்டது.

அக்கா சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். கேட்டவர்களிடமெல்லாம் போய் அது பொய்யென்று சொல்லும்படி சாமியார் பணித்தாராம். வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். முதல் வீட்டுக்கார அம்மாள், "நல்ல மனசுக்கா ஒனக்கு, மூடி மறைக்கிற. ஒரு புருசன் இன்னும் உசுரோட இருக்கானாமே!" என்றார்.

"ஐயோ, அது நான் சொன்ன பொய்யி" என்று அக்கா அழுதார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அடுத்த வீட்டில் கதை இன்னும் வளர்ந்திருந்தது. அக்கா மறுக்க மறுக்க ஊர் அதை உறுதியாக நம்பியது. மழைக்காலம் வருவதற்குள் மதாமும் மகளும் யாரிடமும் சொல்லாமல் பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

அதன்பின் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. கோவிலில் எல்லோரும் நன்மை வாங்க எழும்போது அக்கா முழங்காலிலேயே இருப்பார். "மன்னிப்பு கெடச்சிடுச்சி, வாம்மா" என்று சாமியார் அழைத்தார். "எனக்குக் கெடச்சிது சாமி. அந்தப் பொண்ணு பேரு இன்னும் கெட்டுத்தானே கெடக்குது" என்பார். ஜெபமாலையில் பாவப் பொறுத்தலைக் கேட்கும் இடம் வந்தால் அவர் குரல் நின்றுவிடும். மீதியை நான் சொல்வேன்.

ஆண்டுகள் பல கழித்து நெஞ்சு நோய் முற்றியபோது சாமியார் நன்மை கொண்டுவந்தார். அக்கா உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

"வாயத் தொற, அக்கா" என்றேன்.

"பயமா இருக்குடா."

வெகுநேரம் கழித்து, கண்ணீர் வழியத் திறந்தார். மறுநாள் விடியலில் உயிர் பிரிந்தது. அவருக்கு அமைதி கிடைத்திருக்குமென்று நம்புகிறேன். நிச்சயமாகச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

அக்காவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், மருத்துவருக்கும், சாமியாருக்கும், பெட்டியைச் சுமந்த என் ஆலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. அடக்கத்தன்று, அக்காவின் உடல் கூடத்தில் கிடக்கையில், மதாமைக் கண்ணால்கூடப் பார்த்திராத இருவர் தாழ்ந்த குரலில் அதே கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் இம்மலர் சேரும். சைகோன் மதாமைப் பற்றி நீங்கள் கேட்டது பொய். அதைச் சொன்னவர் என் அக்கா. இதை உங்கள் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.