கம்தோனின் ஆறு மணி

ஆற்றின் மேற்குக் கரையில், சந்தைக்குப் பின்னால் உள்ள பூங்காவில் தகரக் கூரை போட்ட உடற்பயிற்சித் திடல் ஒன்று உண்டு. அங்கே எண்பது கிலோவை மல்லாந்து படுத்துப் பத்து முறை தூக்குகிறவர் என்று பெயர் வாங்கியவர் கம்தோன். வயது அறுபத்து மூன்று. சந்தை வாசலில் சாவி வெட்டும் தொழில். உயரம் குறைவு, கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட உடம்பு. கடையில் ஆள் காத்து நிற்கும்போதே அவித்த முட்டையை உரித்து வெள்ளையைத் தின்பார், மஞ்சளைத் தெரு நாய்க்குப் போடுவார். அந்த நாயைவிடப் பருத்த நாயை நான் பாங்காக்கில் பார்த்ததில்லை.

ஞாயிறு தவிர எல்லா நாளும் வருவார். மழைக்காலத்தில் ஆறு பொங்கித் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் ரப்பர் செருப்போடு வந்து தூக்கிவிட்டுப் போயிருக்கிறார். புதிதாகச் சேர்கிற இளைஞர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, மூன்று மாதத்தில் மார்பு விரியுமா என்று கேட்பார்கள்.

"மூணு மாசத்துல முடிதான் வளரும். எனக்கு அதுவும் வளரல" என்று வழுக்கையைத் தடவிக் காட்டுவார்.

எல்லாருக்கும் அவர் லுங், அதாவது மாமா. பழம் நறுக்கி விற்கும் சம்ருவாய்கூட, தன் வயது ஐம்பத்தேழை மறந்து லுங் என்றே கூப்பிடுவாள். முழங்கால் வலிக்கு மருந்து தின்று அலுத்துப்போனவளைத் திடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். நடுவில் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தபோது பழைய எடைத் தட்டுகள் மாட்டிய தடியைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியது. இனி வரப்போவதில்லை என்று துண்டை மடித்தவளிடம் கம்தோன் சொன்னார்:

"தட்டக் கழட்டு. நாளக் கழட்டாத. எடை எங்கயும் ஓடிடாது, இரும்பு தானே, உனக்காக இங்கயே துருப்பிடிச்சுக் கெடக்கும்."

அவள் தட்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பிறகு கம்தோனுக்கே டெங்கு வந்தது. மூன்று வாரம் படுக்கை. எழுந்து வந்த அன்று திடலே கலகலத்தது. படுத்துத் தூக்கும் பலகையின் தலைமாட்டில் நின்று தடிக்குக் காவல் இருப்பவர் குவாங். சீனக் குடும்பம், அரிசிக் கடைக்காரர், கம்தோனைவிட மூன்று வயது மூத்தவர், எல்லாருக்கும் ஹியா, அதாவது அண்ணன். அவர் கம்தோன் செருப்பைக் கழற்றுமுன்பே தடியில் எண்பது கிலோவை ஏற்றி வைத்துவிட்டார்.

"காய்ச்சல்தான் செத்துருக்கும். இவன் எங்க சாவான்? வா, படு."

அத்தனை பேர் முன்னால் குறைத்து ஏற்றுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. படுத்தார். மூன்று தூக்கினார். நான்காவதில் இடது தோள் நடுங்கியது. அந்த நேரம் பார்த்து ஆறு மணியானது.

தினமும் மாலை ஆறு மணிக்குக் கம்பத்து ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும், தாய்லாந்தில் அதற்கு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஓடுகிறவர் நிற்பார், பந்து உருண்டால் உருண்டபடி விட்டுவிடுவார்கள், படுத்திருப்பவர் கையிலிருந்து தடியை வாங்கி வைத்துவிடுவார்கள். அன்று குவாங் தடியை வாங்கி வைத்தார். கம்தோன் எழுந்து நேராக நின்றார். முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்து வரைக்கும் விட மாட்டேங்குது பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாளும் அவர் படுத்தது ஆறு மணிக்குச் சற்று முன்னால்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஐந்தரைக்கே வந்து கையைச் சுழற்றுவார், காலை நீட்டுவார், இளைஞர்களுக்கு முதுகை வளைக்காமல் குனியச் சொல்லித்தருவார். எண்பது கிலோப் பலகை காலியாக இருந்தாலும் பக்கத்தில் போகமாட்டார். ஒலிபெருக்கி மெல்லக் கரகரக்கத் தொடங்கும்போது போய்ப் படுப்பார். மூன்று தூக்குவார். நல்ல நாளில் நான்கு. பிறகு கீதம். இப்படியே ஒன்றரை வருடம் போனது. அவர் எண்பது தூக்குகிறவராகவே இருந்தார். ஆனால் மார்பு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. மூன்று தடவை தூக்குவதில் எந்தச் சதையும் வளராது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கீத நேரம் தவிர, தூக்குகிறவர் "எடு" என்று சொல்லாமல் காவல் நிற்பவர் தடியைத் தொடக்கூடாது. தொட்டால் அந்தத் தூக்கு கணக்கில் வராது. அந்தச் சொல்லைக் கம்தோன் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை.

ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் பெரிய காற்று அடித்திருந்தது. கம்பத்து ஒயர் அறுந்து மரக்கிளையில் தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. கம்தோன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தார்.

"ஒண்ணு" என்றார் குவாங். "ரெண்டு. மூணு."

மூன்றாவதை மேலே ஏற்றி, முழங்கையைப் பூட்டி அப்படியே நிறுத்தினார். நிறுத்தியபடி காத்திருந்தார். பூங்காவில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது, குளத்தில் ஏதோ குதித்த சத்தம் கேட்டது. கீதம் வரவில்லை.

"என்னடா, மேல வச்சுகிட்டுக் கதை சொல்றியா?" என்றார் குவாங்.

கம்தோன் இறக்கினார். நான்காவது கோணலாக ஏறியது. ஐந்தாவது மார்பில் வந்து உட்கார்ந்தது, அப்புறம் எழும்பவில்லை. கால்கள் தரையை உதைத்தன. முகம் கறுத்துச் சிவந்தது. குவாங்கின் இரண்டு உள்ளங்கையும் தடிக்கு ஒரு விரல் கீழே காத்திருந்தன.

"சொல்லுடா" என்றார் குவாங் மெதுவாக.

கம்தோன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அப்போது சம்ருவாய் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, சந்தையில் பழம் கூவுகிற அதே குரலில், கீதத்தை முதல் அடியிலிருந்து பாட ஆரம்பித்தாள். ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாரும் எழுந்து நின்று கூடப் பாடினார்கள். குவாங் தடியை எடுத்து வைத்தார். கம்தோன் எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றார். எல்லாரும் பாடினார்கள், அவர் உதடு மட்டும் அசையவில்லை. மார்பில் தடி பதிந்த கோடு சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

பாடி முடிந்த பின் யாரும் கேலி செய்யவில்லை. தொப்பையையும் வழுக்கையையும் மாமியாரையும் விட்டுவைக்காத கூட்டம், தங்கள் தங்கள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும்தான், தன் ஆறு மணிக் கணக்கு இவர்களுக்குத் தெரியும் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனார்.

மறுநாள் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அடுத்த வாரம் முழுவதும் பலகை காலியாகக் கிடந்தது. சம்ருவாய் ஒரு பழைய சாவியோடு அவர் கடைக்குப் போனாள். நானும் அங்கே பூட்டு ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன்.

கம்தோன் சாவியைத் திருப்பிப் பார்த்தார். "இது போன வருஷமே வெட்டிக் குடுத்தேனே."

"இன்னொண்ணு இருக்கட்டும்."

அவர் இயந்திரத்தை ஓட்டவில்லை. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொத மாசத்துலயே. ஹியா கை உங்க தடிக்குக் கீழ தானே இருக்கு. அவருக்குத் தெரியாதா?"

"எல்லாருக்குமா?"

"நாய்க்குத் தெரியாது."

நாய் வாலை ஆட்டியது. கம்தோன் சிரிக்கவில்லை. "யாராவது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தோம். ஒன்றரை வருஷமா இருந்தோம் லுங்."

சாவித் தூளைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மறுநாள் ஐந்தரைக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பலகைக்குப் போனார். தடியில் எண்பது அப்படியே இருந்தது. ஒரு தட்டைக் கழற்றினார். அது கான்கிரீட்டில் விழுந்த சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள். மறுபக்கத் தட்டையும் கழற்றினார். அறுபது.

"இன்னும் எடுங்க" என்றாள் சம்ருவாய். "எனக்குச் சொன்னது உங்களுக்கு இல்லையா?"

அவருக்குக் காது நுனி வரை சிவந்துவிட்டது. இன்னும் இரண்டு தட்டுகள் இறங்கின. ஐம்பது. திடலில் சேர்ந்து ஒரு வருடம் ஆன பையன்கள் தூக்குகிற எடை. படுத்தார். குவாங் தலைமாட்டுக்கு வந்து நின்றார்.

எண்ணிக்கை எட்டு வரை ஒழுங்காக ஏறியது. ஒன்பதாவது பாதி வழியில் நின்று நடுங்கியது. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"எடு" என்றார் கம்தோன். சத்தம் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

"என்ன?" என்றார் குவாங். "வயசாயிடுச்சுடா, காது கேக்கல."

"எடு, ஹியா."

குவாங் எடுத்து வைத்தார். "எட்டு" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "கெழவனுக்கு எட்டு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். கம்தோன் எழுந்து பலகை ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவே தலையைத் தொங்கவிட்டுக்கொண்டார். பிறகு மறுபடி படுத்து ஏழு தூக்கினார், அடுத்த முறை ஆறு. கம்பத்தைச் சரிசெய்திருந்தார்கள். ஆறு மணிக்குக் கீதம் வந்தபோது அவர் கையில் எதுவும் இல்லை. எழுந்து நின்றார். எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தான் கழற்றிப்போட்ட தட்டுகளைப் பார்த்தபடி நின்றார்.