எருமப்பட்டிக்காரி வெளிநாடு போன வருடம்

மஸ்கட்டில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பியதும், அங்கே என்னுடன் வேலை பார்த்த இலங்கைத் தோழியோடு சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை தொடங்கினேன். வீட்டு வேலைக்கு அந்த ஊர் போகும் பெண்களுக்கு இங்கே நான் துணை, அங்கே அவள். தையல் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தோம். பாஸ்போர்ட் எண்ணை மனப்பாடம் செய்யவும், 'உடம்பு சரியில்லை' என்று அரபியில் சொல்லவும் கற்றுக்கொடுத்தேன்.

முதலில் வந்தவள் எருமப்பட்டிக்காரி. போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போன கணவன், விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தான். பத்தாவது படிக்கும் மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

"போய்ட்டு வாரேனுங்க்கா. புள்ள படிப்ப மட்டும் பாத்துக்குங்க."

"தைரியமாப் போ. அங்க நம்ம ஆள் இருக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் மாதம் அவள் போன் நின்றுபோனது. தோழி எப்படியோ விசாரித்து அவள் வேலை பார்த்த வீட்டு வாசல்வரை போனாள். கேட்டைத் திறக்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எருமப்பட்டிக்காரி தோழியைப் பார்த்துக் கையைத் தூக்கினாளாம். அதற்குள் யாரோ கூப்பிட, உள்ளே போய்விட்டாள். தூதரகத்துக்கு எழுதினோம். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். அவளை அனுப்பிவைத்த ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் மகள் பஸ் ஏறி வருவாள்.

"பெரியம்மா, அம்மா பேசுச்சுங்களா?"

"மனு குடுத்திருக்கோம் சாமி."

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தி இரண்டு வாரமாகியிருந்தது.

"நானும் போய்ட்டா அப்பாவ யாருங்க பாக்கறது?"

ஓர் அம்மாளை உதவிக்கு ஏற்பாடு செய்தேன். நான்கே நாளில் அவர் நின்றுவிட்டார். பரீட்சை வந்தது, முடிந்தது.

பதினோராம் மாதம், எங்கள் மனு எதற்கும் பதில் வராமலேயே, அந்த வீட்டார் அவளை விமானம் ஏற்றிவிட்டார்கள். திருச்சிக்குப் போய்க் காரில் கூட்டி வந்தேன். முழங்கை வரை தழும்பு.

"என்ன இது?"

"எண்ணெ தெறிச்சதுங்க" என்றாள். எருமப்பட்டி நெருங்கிய பிறகுதான் கேட்டாள்.

"புள்ள பரீட்ச எழுதிட்டாளுங்களா?"

"இல்ல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "செரி உடுங்க்கா" என்று சொல்லி, கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். மகள் இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள்.