காக்காவை எந்த வீட்டில் எழுதினார்கள்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருடங்கள் தயங்கினேன். எனக்குப் படிப்பும் குறைவு. வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லலாமா என்ற பயமும் இருந்தது. உம்மா, வாப்பா, மூத்த அண்ணனான காக்கா எல்லோரும் மௌத்தாகிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது காக்காவின் மனைவியான மச்சி மட்டும்தான். போன நோன்பில் அவவிடம் கேட்டேன். "எழுது புள்ள, இனி ஆருக்கு வெக்கம்?" என்றா. அல்லாஹ்வை முன்னிறுத்தி எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாட்டில் சனத்தொகையைக் கணக்கெடுக்கும் குடிசன மதிப்பீடு நடந்தது. கல்முனையில் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதைவிட்டால் வேறு கதையில்லை. அரசாங்கம் வெளியாட்களைக் குடியேற்றிய பக்கம் சனம் பெருகுகிறது, முஸ்லிம்கள் நாம் ஒரு தலையையும் தவறவிடக் கூடாது என்று தேத்தண்ணிக் கடையில் பேசிவிட்டு வருவார் வாப்பா. "தொட்டில்ல கிடக்கிற புள்ளயையும் விடப்படாது" என்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் காக்கா கோபித்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் வழக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில்தான் வாழ்வான். காக்காவுக்கு அமைந்தது மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பம். மாமனார் நாலு பேர் முன்னால், "மருமகனுக்கு வயலும் ஏலா, தறியும் ஏலா, சோறு மட்டும் ஏலும்" என்று சொல்லிவிட்டாராம். சைக்கிளில் ஏறி வந்தவர் பாயை விட்டு எழும்பவில்லை. சின்னப் பிள்ளையான எனக்கோ பெருநாள். காக்கா இனி எங்களுக்குத்தான் என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதைக் கேட்ட உம்மா என் வாயில் ஒரு சுண்டு சுண்டினா.

கணக்கெடுக்கும் நாள், அசர் தொழுகைக்குப் பிறகு பெரியநீலாவணையிலிருந்து பள்ளிக்கூட வாத்தியாரான ஒரு தமிழ்ச் சேர் கணக்கெடுக்க வந்தார். அன்றிரவு யார் எந்த வீட்டில் தங்குகிறாரோ அங்கேதான் அவரை எழுதுவார்கள். உம்மா காலையிலேயே வட்டிலப்பம் அவித்து மூடி வைத்திருந்தா. சேருக்குத்தான் என்று நினைத்தேன். சேருக்கு வெறும் தேத்தண்ணிதான் போனது.

"மூத்த மகனும் இஞ்சதானே?" என்று சேர் கேட்டார். காக்காவின் சாரன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சைக்கிள் முற்றத்தில் நின்றது.

வாப்பா வாய் திறக்குமுன் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "இல்ல சேர். அவன் பொஞ்சாதிட ஊட்டு ஆள். அங்க எழுதுவாங்க."

"என்னகா கதைக்காய்? ஆள் உள்ளுக்குக் கிடக்கான்!" வாப்பா பதறினார். "ஒரு தலய விடப் பாக்காய்!"

"நான் பெத்த தல. அது எங்க இரிக்கணும் என்டு எனக்குத் தெரியும்."

சேர் சாரனைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். பிறகு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது மந்தம் என்பதுபோல, உள்ளறைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "அப்ப சரி. மருதமுனைக்கு வேற சேர். பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பிறகுதான் அங்க போவார். சைக்கிள்ல போனா நேரம் காணும்."

சேர் போனதும் காக்கா வெளியே வந்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. சாரனை இழுத்துச் சுருட்டினார். உம்மா வட்டிலப்பச் சட்டியைத் துணியில் கட்டி சைக்கிளில் மாட்டினா. "மாமிட கையில குடு. மாமா ஏசினா சிரி. தறி என்ன பாம்பா, கடிக்க?"

ஒழுங்கை முனைவரை அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். பெற்ற பிள்ளையை இல்லையென்று சொல்லித் துரத்திய உம்மாவோடு அன்று முழுக்க நான் கதைக்கவில்லை. உம்மா காக்காவின் பாயைச் சுருட்டினா, பிறகு ஏனோ மறுபடி விரித்தா.

மதிப்பீட்டின் முடிவு பத்திரிகையில் வந்தபோது மச்சி வாயும் வயிறுமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. வாப்பா கடையில் வாசித்துவிட்டு வந்து சலித்துக்கொண்டார். "மாவட்டத்தில சனம் கூடித்தான் இரிக்கி. நம்மட பங்குதான் கொறஞ்சி போச்சி. இதுக்க இவ வேற ஒரு தலய விட்டுட்டா!"

மச்சி சிரித்தா. "விடல்ல மாமா. எங்கட ஊட்டுக்கு வந்த சேர் கேக்கக்குள்ள, ஓம், இவர் இரிக்கார், கடைக்குப் போயிட்டார் என்டு நான் சொல்லிட்டன். அவர் எழுதி முடிக்கல்ல, ஒழுங்கையில சைக்கிள் பெல் கேட்டுது."

உம்மா மச்சியின் தலையைத் தடவினா.

இரண்டு பேரும் அரசாங்கத்துக்குப் பொய் சொல்லிவிட்டார்களே, பொலிஸ் வருமோ என்றுதான் நான் பயந்தேன். இருந்தவனை இல்லையென்றவளும் இல்லாதவனை இருக்கிறான் என்றவளும் சேர்ந்துதான் அந்தக் கணக்கைச் சரியாக்கினார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. "இல்ல சேர்" என்று சொல்ல உம்மாவுக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்பதும் விளங்கவில்லை. என் மூத்தவனைக் கலியாணம் முடித்துக் கொடுத்துவிட்டு வந்து அவனுடைய பாயைச் சுருட்டியபோதுதான் விளங்கியது.

இதை யாருக்காவது சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். உம்மா அழுதா என்று மட்டும் கூட்டிவிடாதீர்கள், அவ அழவில்லை. பாயை மறுபடி விரித்ததையும் விட்டுவிடாதீர்கள்.